மயில்துத்தமும் மாற்று மருந்தும்

ஐரோப்பிய ஒன்றியத்தின் பூச்சிமருந்துச் சட்டத்தை நான் படிக்க உட்கார்ந்தது வேறு எதற்கோ. ஆனால் 'மாற்றப்பட வேண்டியவை' பட்டியலில் தாமிரச் சேர்மங்களைப் பார்த்ததும் அங்கேயே நின்னுட்டேன். நம்மூர்த் தென்னைக்கும் பாக்குக்கும் அடிக்கிற போர்டோ கலவை இந்த வகைதானே!

அந்தப் பெயரே பிரான்சின் போர்டோ ஊரிலிருந்து வந்தது. 1882-ல் அந்தப் பக்கத்துத் திராட்சைத் தோட்டங்கள் அடிச்சாம்பல் நோயால் இலை உதிர்ந்து கிடந்தன. தாவரவியல் பேராசிரியர் மில்லார்டே கண்ணில் ஒன்று பட்டது: சாலையோரக் கொடிகளில் மட்டும் இலை அப்படியே இருந்தது. போகிறவர் வருகிறவர் பழத்தைப் பறிக்காமலிருக்க, தோட்டக்காரர்கள் மயில்துத்தத்தையும் சுண்ணாம்பையும் கரைத்துத் தெளித்திருந்தார்கள். பழத்திருட்டுக்குப் போட்ட வேலி, நோய்க்கு மருந்தாயிடுச்சு. பரிசோதித்துப் பார்த்து 1885-ல் அதை வெளியிட்டார்.

சிக்கல் என்னன்னா, தாமிரம் ஒரு தனிமம். எந்த நுண்ணுயிரும் அதைச் சிதைக்க முடியாது. அடித்ததெல்லாம் மண்ணில் சேர்கிறது. மண்புழுவுக்கும் நீர்வாழ் உயிர்களுக்கும் கெடுதல். அதனால்தான் 2015-ல் வந்த 77 பொருட்களின் பட்டியலில் அதுவும் இருந்தது.

2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி, இந்தப் பட்டியலில் உள்ள பொருள் சேர்ந்த மருந்துக்கு அனுமதி தருமுன் ஒவ்வொரு நாடும் ஒப்பிட்டுப் பார்க்கணும். கணிசமாகப் பாதுகாப்பான வேறு மருந்தோ, மருந்தில்லாத முறையோ இருந்தால் அந்தப் பயன்பாட்டுக்கு அனுமதி கிடையாது. கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் கூடவே நிபந்தனைகள்: மாற்று அதே அளவு பலன் தரணும், விவசாயிக்குப் பெரிய செலவோ சிரமமோ வைக்கக்கூடாது, நோய்க்கிருமி எதிர்ப்புச் சக்தி பெறாதபடி பலவகை மருந்துகள் கைவசம் மிஞ்சணும். கடைசி நிபந்தனை நியாயமானதுதான். 1970களின் கடைசியில் வந்த மெட்டலாக்சிலுக்குச் சில வருஷத்திலேயே கிருமிகள் பழகிவிட்டன. தாமிரத்துக்கு அப்படி எளிதில் பழகுவதில்லை. இயற்கை விவசாயிகளுக்கோ செயற்கை மருந்தே கூடாது.

எங்கள் மென்பொருள் தொழிலிலும் இதே கதைதான். பழைய நிரல் ஒன்றை 'இனி பயன்படுத்தாதீர்' என்று குறித்து வைப்போம். பத்து வருஷம் கழிச்சும் அதுதான் ஓடிக்கிட்டிருக்கும். ஒப்பீட்டினால் நடந்த மாற்றம் மிகக் குறைவு என்று 2020-ல் ஐரோப்பிய ஆணையத்தின் அறிக்கையே சொன்னது.

தாமிரத்துக்கு 2018-ல் மறுபடி அனுமதி கிடைத்தது. கூடவே ஒரு வரம்பு: ஏழு வருஷத்தில் ஹெக்டேருக்கு மொத்தம் 28 கிலோ. மழை அதிகமான வருஷம் கூட அடிக்கலாம், காய்ந்த வருஷம் குறைச்சுக்கணும். 1885-லிருந்து அந்த மண்ணில் இறங்கியது இந்தக் கணக்கில் வராது.