காவலரிடம் கூறிய வாக்குமூலம்

வேற்று மாநிலங்களில் வாழும் நாம் வழக்கறிஞரிடம் கேட்கும் வினா ஒன்று உண்டு: போலீசாரிடம் குற்றத்தை ஒப்புக்கொண்டால் அதுவே நமக்கு எதிரான சாட்சியமாகுமா? சில தனிச் சட்டங்கள் நீங்கலாக, ஆகாது என்பதே பொதுவிதி.

இவ்விதி எளிதில் பிறந்ததன்று. சென்னை ராஜதானியில் வரிக்காகவும் வாக்குமூலத்திற்காகவும் குடிகள் சித்திரவதைக்கு ஆளானதை 1855-ஆம் ஆண்டு விசாரணைக் குழு வெளிப்படுத்திற்று. பின்னர் 1861-இல் குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலும், 1872-இல் சாட்சியச் சட்டத்தின் 25-ஆம் பிரிவிலும் இக்காப்பு இடம்பெற்றது. 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள பாரதீய சாட்சிய அதினியத்தின் 23-ஆம் பிரிவும் அதையே கூறுகின்றது.

எனினும், காவலில் உள்ளவர் சொல்லால் களவுப்பொருள் முதலியன கண்டெடுக்கப்படின், அதைப் பற்றிய பகுதி மட்டும் சாட்சியமாகும். மாஜிஸ்திரேட் முன்னர் மனமுவந்து கூறுவதும் செல்லும். ஆதலின், கைதானால் முதலில் வழக்கறிஞரை நாடுவோம். அது அரசியல் சட்டத்தின் 22-ஆம் பிரிவு நமக்களித்த உரிமை.