நீர் மாத்திரையும் கண் பார்வையும்

ரத்த அழுத்தம், இதயச் செயலிழப்பு, கால் வீக்கம் ஆகியவற்றுக்குத் தரப்படும் சிறுநீர்ப்பெருக்கி மருந்துகளைப் பேச்சு வழக்கில் ‘நீர் மாத்திரை’ என்பர். உடலில் தேங்கிய உப்பையும் நீரையும் சிறுநீரகம் வழியாக வெளியேற்றுவது இவற்றின் வேலை. கோடிக்கணக்கானோர் ஆண்டுக்கணக்கில் தொல்லையின்றி உட்கொள்கின்றனர். எனினும் மிகச் சிலருக்கு, மாத்திரை தொடங்கிய சில மணி நேரத்திலோ சில வாரங்களுக்குள்ளோ பார்வை திடீரென மங்குவதுண்டு. கவனிக்காமல் விட்டால் அது நிலையான பார்வை இழப்பாகவும் முடியலாம்.

நீர் பிரியச் செய்யும் மருந்து தென்காசி, குற்றாலம் வட்டாரத்துக்குப் புதிதன்று. அருகிலுள்ள பொதிகை மலையை அகத்தியரின் இருப்பிடமாகக் கொள்வது மரபு. நெருஞ்சில், சிறுபீளை, மூக்கிரட்டை ஆகிய மூலிகைகளைச் சித்த மருத்துவர்கள் நீர்க்கட்டுக்கும் வீக்கத்துக்கும் நெடுங்காலமாகக் கொடுத்து வந்துள்ளனர். கண் நோய்களை 96 என வகுத்ததும் அதே மருத்துவம்தான். சிறுநீரகமும் கண்ணும் ஒரே வேதிப்பொருளில் சந்தித்தது மட்டும் இருபதாம் நூற்றாண்டில் நடந்தது.

அதற்கு முன் மேலை மருத்துவத்தின் வலுவான நீர் மருந்து பாதரசம். 1919-இல் வியன்னாவில் ஆல்ஃபிரட் வோகல் என்ற மருத்துவ மாணவர், மேகநோய்க்காகப் பாதரச ஊசி போடப்பட்ட நோயாளிக்குச் சிறுநீர் பெருமளவில் பிரிவதைக் கவனித்தார். அடுத்த முப்பது ஆண்டுகளுக்கு மேல் இதய நோயாளிகளின் வீக்கத்தை வடித்தது இந்த நச்சு உலோகமே.

மாற்று மருந்து கிடைத்ததும் தற்செயலாகத்தான். 1935-இல் ஜெர்மனியின் கெர்ஹார்ட் டோமாக் சல்ஃபா மருந்துகளின் கிருமி எதிர்ப்பு ஆற்றலை வெளியிட்டார். அவற்றை உட்கொண்டோரின் ரத்தத்தில் அமிலத்தன்மை கூடுவது விரைவில் தெரியவந்தது. சல்ஃபானிலமைடு ‘கார்போனிக் அன்ஹைட்ரேஸ்’ என்னும் நொதியைத் தடுக்கிறது என்று கேம்பிரிட்ஜைச் சேர்ந்த மான், கெய்லின் இருவரும் 1940-இல் காட்டினர். 1949-இல் அமெரிக்க மருத்துவர் வில்லியம் ஸ்வார்ட்ஸ் அதையே இதய நோயாளிகளின் வீக்கத்துக்குக் கொடுத்துப் பார்த்தார். உப்பும் நீரும் வெளியேறின. சல்ஃபாவிலிருந்து 1950-களின் தொடக்கத்தில் அசிட்டசோலமைடும், 1957-இல் குளோரோதயசைடும், அதன்பின் ஹைட்ரோகுளோரோதயசைடும் குளோர்தாலிடோனும் வந்தன.

கண்ணுக்குள் ஊறும் திரவத்துக்கும் அதே நொதி தேவை. அதைத் தடுத்தால் கண்ணின் அழுத்தம் குறையும் என்று 1954-இல் பெர்னார்ட் பெக்கர் நிறுவினார். சிறுநீர் மருந்தான அசிட்டசோலமைடு அன்று முதல் ‘கிளாக்கோமா’ எனப்படும் கண் அழுத்த நோய்க்கும் மருந்தாயிற்று. பின்னாளில் சிறுநீர் மருந்தாக அது பின்தங்கி, கண் மருந்தாகவே நிலைத்தது.

கண்ணைக் காத்த இந்த மருந்துக் குடும்பமே சிலரின் கண்ணைப் பதம் பார்த்தது. சல்ஃபா மருந்து சாப்பிட்டவர்களுக்குத் திடீர்க் கிட்டப்பார்வை வருவதைத் தொடக்க காலத்திலேயே மருத்துவர்கள் கண்டிருந்தனர். ஹைட்ரோகுளோரோதயசைடால் இரு கண்களிலும் கடும் கிளாக்கோமா வந்த ஒரு நிகழ்வு 1995-இல் மருத்துவ இதழில் வெளியானது. கண்ணுக்குள் லென்ஸைத் தாங்கும் சிலியரிப் பகுதி வீங்குகிறது; லென்ஸ் முன்னோக்கித் தள்ளப்படுகிறது; அதனால் தூரப்பார்வை மங்குகிறது. தள்ளல் அதிகமானால் திரவம் வடியும் கோணம் அடைபட்டு, அழுத்தம் ஏறி, வலியும் வாந்தியும் வரும்.

இங்கே மருத்துவரையே குழப்பக்கூடிய ஒன்று உண்டு. வழக்கமான கோண அடைப்பில் கருவிழிப்படலத்தில் லேசரால் துளையிடுவர். கண்மணியைச் சுருக்கும் பைலோகார்பின் சொட்டு மருந்து விடுவர். மருந்தால் வந்த அடைப்புக்கு லேசர் உதவாது. பைலோகார்பின் நிலைமையை மோசமாக்கலாம். காரணமான மாத்திரையை நிறுத்தி, கண்மணியை விரிக்கும் சொட்டு மருந்து விடுவதே இதற்கு வழி. அசிட்டசோலமைடும் அதே குடும்பம் என்பதால் அதைக் கொடுக்கவும் தயங்குவர். ஆகவே ‘புதிதாக என்ன மாத்திரை தொடங்கினீர்கள்?’ என்ற கேள்வி கருவிப் பரிசோதனைக்கு நிகரான மதிப்புடையது.

தென்காசி தனி மாவட்டமானது 2019 நவம்பர் 22-இல்தான். அதுவரை திருநெல்வேலியோடு இருந்தது. 1988-இல் திருநெல்வேலியில் அரவிந்த் கண் மருத்துவமனை தொடங்கப்பட்டது. திருநெல்வேலி, தூத்துக்குடி, மதுரை மாவட்டக் கிராமங்களில் 40 வயதைத் தாண்டிய 5,150 பேரிடம் 1990-களில் அரவிந்த் ஆய்வு நடத்தியது, அவர்களில் 2.6 விழுக்காட்டினருக்குக் கிளாக்கோமா இருந்தது. பெரும்பாலும் அது மருந்தால் வந்ததன்று. ஓசையின்றி வளரும் வகை. மருந்தால் வருவது ஓசையோடு வரும். ஆனாலும் அதைத் தவறாகப் புரிந்துகொள்வது எளிது. நாற்பதைக் கடந்தவருக்குப் பார்வை மங்கினால், வெள்ளெழுத்து என்று எண்ணிக் கண்ணாடிக் கடைக்குப் போவதுதான் வழக்கம். மருந்தால் வரும் கிட்டப்பார்வையோ வெள்ளெழுத்துக்கு நேர்மாறு. தென்காசிப் பேருந்து நிலையத்தில் வண்டியின் ஊர்ப்பலகை தெரியாமல் போகும். அதே ஆளுக்கு நாளிதழின் பொடி எழுத்து கண்ணாடியில்லாமலே திடீரெனத் தெளியும். அதைக் கண் தேறியதாக எண்ணி மகிழ்வோரும் இருக்கக்கூடும். அப்போது அளந்து வாங்கும் கண்ணாடி, மாத்திரையை நிறுத்திய சில நாட்களில் பயனற்றுப்போகும்.

இந்தியக் கடைகளில் நீர் மருந்து பெரும்பாலும் வேறொரு ரத்த அழுத்த மருந்தோடு சேர்ந்தே விற்கப்படுகிறது. மருந்துப் பெயரின் முடிவில் ‘எச்’ என்ற ஆங்கில எழுத்து இருந்தால் பொதுவாக அதில் ஹைட்ரோகுளோரோதயசைடு உண்டு. பழைய மாத்திரைதான் என்று நினைப்பவருக்கு அந்த ஓரெழுத்து புதிதாகச் சேர்ந்தது தெரியாமலே போகிறது. தானாக நிறுத்தினால் ரத்த அழுத்தம் எகிறும். எனவே பார்வை மங்கிய அன்றே மாத்திரை அட்டையுடன் மருத்துவரிடம் செல்ல வேண்டும். சல்ஃபா ஒவ்வாமை முன்பு இருந்திருந்தால், அதை மாத்திரை தொடங்கும்போதே அவரிடம் சொல்லிவிடுவது வழக்கமாக வேண்டும்.