மறைநூல் விளக்க உரிமை: திருச்சிராப்பள்ளி வட்டாரத்தில் கத்தோலிக்க, லுத்தரன் சபைகளின் வழக்கு

வேதத்துக்குப் பொருள் சொல்லும் உரிமை யாருக்கு என்னும் கேள்வி, கத்தோலிக்கரையும் சீர்திருத்தச் சபையாரையும் 500 ஆண்டுகளாகப் பிரித்துவைத்திருக்கிறது. தமிழகத்தில் இந்த வழக்கு மிகவும் சூடாக நடந்த களம் காவிரிப் படுகை. தரங்கம்பாடியின் லுத்தரன் குருமாரும் கொள்ளிடக் கரையின் வீரமாமுனிவரும் 18ஆம் நூற்றாண்டில் இதைத் தமிழிலேயே வாதாடினார்கள்.

வழக்கின் வேர் ஐரோப்பாவில் இருக்கிறது. வேதத்துக்குப் பொருள் சொல்லப் போப்பாண்டவருக்கு மட்டுமே உரிமை உண்டு என்னும் கொள்கையை மார்ட்டின் லுத்தர் 1520இல் ஓர் அரண் என்று வருணித்து, அது இடிய வேண்டும் என்று எழுதினார். அதற்குக் கத்தோலிக்கரின் விடை திரெந்து பொதுச்சங்கத்திலிருந்து வந்தது. தாய்த் திருச்சபை கொண்டுள்ள பொருளுக்கு மாறாக யாரும் தம் சொந்த அறிவை நம்பி வேதத்தை வளைக்கலாகாது என்று 1546 ஏப்ரல் 8 அன்று அது விதித்தது. தாய்மொழியில் வேதம் படிக்க ஆயரின் அனுமதி வேண்டும் என்ற விதி 1564இல் வந்தது. கத்தோலிக்கர் வேதத்தைப் பூட்டிவைத்தார்கள், லுத்தர் திறந்துவிட்டார் என்று இதைச் சுருக்குவது வழக்கம். அந்தச் சுருக்கம் பாதி உண்மைதான். படிக்கிறவர் நினைத்ததெல்லாம் பொருள் என்று லுத்தரும் சொல்லவில்லை. அவரே 1529இல் ஞானோபதேசம் எழுதினார். அவருடைய சபையாருக்கு 1530ஆம் ஆண்டின் அவுக்ஸ்புர்க் அறிக்கை எல்லைக்கல்லாக நின்றது.

தமிழ்க் கத்தோலிக்கருக்கு வேதம் முதலில் காதுவழியே வந்தது. 1606இல் மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நொபிலியும் அவருக்குப் பின் வந்த யேசு சபையாரும் ஞானோபதேசம், செபம், புனிதர் வரலாறு ஆகியவற்றின் வழியாகவே போதித்தார்கள். ஊர்தோறும் கற்பித்தவர் உபதேசியார். சாமியார் ஆண்டுக்கு ஓரிரு முறைதான் எட்டிப்பார்க்க முடிந்த ஊர்களில் வேதத்தின் குரல் உபதேசியாருடையதுதான்.

தரங்கம்பாடியில் 1706இல் வந்திறங்கிய லுத்தரன் குரு சீகன்பால்கு வேறு வழியில் போனார். அவர் மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1714, 1715ஆம் ஆண்டுகளில் அங்கேயே அச்சேறியது. அச்சுப் புத்தகம் குருவின் துணை இல்லாமலே பயணம் போகக்கூடியது. இராஜநாயக்கனின் கதையில் இதைக் காணலாம். அவர் தஞ்சை மன்னர் படையில் சேவகம் செய்தவர், கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர். நான்கு சுவிசேஷங்களும் அப்போஸ்தலர் நடபடிகளும் அடங்கிய தரங்கம்பாடிப் புத்தகம் அவர் கைக்கு வந்து சேர்ந்தது. எந்தக் குருவும் கொடுத்ததன்று, யாரும் விளக்கியதும் அன்று. படித்தார், சந்தேகங்கள் எழுந்தன, தரங்கம்பாடிக் குருமாரோடு தொடர்பு கொண்டார். 1720களின் பிற்பகுதியில் லுத்தரன் சபையில் சேர்ந்து, தஞ்சை வட்டாரத்தில் நெடுங்காலம் உபதேசியாராக உழைத்தார். இந்த வழக்கின் நடுநாயகமாக நான் கருதுவது இவரைத்தான். ஐரோப்பியக் குருமார் இருவர் தமக்குள் தொடுத்த வாதமாக அது முடிந்துபோகாமல், ஒரு தமிழ்ப் படைவீரர் தாமே படித்துத் தாமே தீர்மானிக்கும் இடம் வரை வந்தது இவரால்தான்.

வீரமாமுனிவர் (கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி, 1680–1747) இதை அலட்சியம் செய்யவில்லை. ஏலாக்குறிச்சியைத் தளமாகக் கொண்டிருந்த அவர், 1727இல் உபதேசியார்களுக்காக ‘வேதியர் ஒழுக்கம்’ எழுதினார். மறு ஆண்டே லுத்தரன் சபைக்கு மறுப்பாக ‘வேத விளக்கம்’ எழுதினார். ‘பேதகம் மறுத்தல்’, ‘லுத்தேரினத்தியல்பு’ ஆகியனவும் அதே சண்டையில் பிறந்தவை. தரங்கம்பாடி மொழிபெயர்ப்பின் தமிழ் நடையையும் அவர் கடுமையாகத் தாக்கினார். மொழியே வசப்படாதவர் கையில் வேதம் என்ன பாடுபடும் என்பது அவர் கவலை. முழு வேதத்தை அவர் மொழிபெயர்த்துத் தரவில்லை. அவர் தந்தது சூசையப்பரைத் தலைவராகக் கொண்டு வேதக் கதைகளை இழைத்த ‘தேம்பாவணி’, 3,615 பாடல்கள் கொண்ட காவியம். அது சபையின் பொருளோடு சேர்ந்தே வந்த வேதம். கவிதையாக அது எட்டிய உயரத்தைத் தரங்கம்பாடி உரைநடை நெருங்கவே இல்லை. ஆனால் இராஜநாயக்கனைப் போன்ற வாசகர் கேட்ட கேள்விக்கு ஒரு காவியம் பதிலாகாது.

இதே கேள்வி திருவரங்கத்தில் அதற்கு முன்பே எழுந்திருக்கிறது. வைணவ ஆசிரியர் நம்பிள்ளை திருவாய்மொழிப் பாசுரங்களுக்குச் சொல்லிவந்த உரையைச் சீடர் வடக்குத் திருவீதிப் பிள்ளை இரவுகளில் ஏட்டில் எழுதிவைத்தார் என்றும், தம் அனுமதியின்றி எழுதியதால் நம்பிள்ளை அந்த ஏடுகளை வாங்கிக்கொண்டார் என்றும் குருபரம்பரை நூல்கள் கூறுகின்றன. ஆசிரியரின் நியமனத்தோடு பெரியவாச்சான் பிள்ளை எழுதிய 24,000 படி என்னும் உரைக்கு அந்தத் தடை இல்லை. வாங்கப்பட்ட ஏடு ஈயுண்ணி மாதவரிடம் ஒப்படைக்கப்பட்டு, ஆசிரியரிடமிருந்து சீடருக்கு என்று ஒரே இழையில் இறங்கியது. 15ஆம் நூற்றாண்டில் மணவாள மாமுனிகள் பெரிய கோயிலின் இறைவன் நம்பெருமாள் முன்னிலையில் ஓராண்டு காலம் அதை விரித்துரைத்தார். அதுவே ஈடு முப்பத்தாறாயிரப்படி. இங்கே உரிமை பதவியிலிருந்து வரவில்லை, தனி வாசகரிடமும் இல்லை. யாரிடம் கேட்டுக்கொண்டாய் என்பதுதான் தகுதி. நம்பிள்ளையால் ஏடுகளைத் திரும்ப வாங்க முடிந்தது. ஊர் ஊராகப் பரவிவிட்ட அச்சுப் புத்தகத்தை வீரமாமுனிவரால் திரும்ப வாங்க முடியவில்லை.

தரங்கம்பாடி வழியைத் தொடர்ந்த லுத்தரன் குரு சுவார்ட்ஸ் ஐயர் திருச்சிராப்பள்ளிக்கு 1762இல் வந்தார். கோட்டைப் பகுதியில் அவர் எழுப்பிய கிறிஸ்து ஆலயம் 1766இல் அர்ப்பணிக்கப்பட்டது. அவர் பயிற்றுவித்த உபதேசிமார் வீடுவீடாகச் சென்று வேதம் வாசித்துப் பொருள் சொன்னார்கள். ஏறக்குறைய கத்தோலிக்க உபதேசியாரின் வேலைதான், கையில் இருந்த புத்தகம் மட்டும் வேறு.

சீர்திருத்தச் சபைக்குள்ளேயே இந்த உரிமை ஒருநாள் திரும்பி நின்றது. சுவார்ட்ஸின் மாணவரான தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864), புதிதாக வந்த மிஷனரிமார் பெப்ரீசியஸ் செய்த பழைய மொழிபெயர்ப்பைத் திருத்த முனைந்தபோது வெளிப்படையாக எதிர்த்தார். பெப்ரீசியஸின் தமிழில் செபித்துப் பாடி வளர்ந்த சபையாரைக் கேட்காமல் வேதத்தைத் திருத்த நீங்கள் யார் என்பது அவருடைய நிலை. அதே எழுத்துகளில் கோயிலுக்குள் சாதிவாரியாக உட்காரும் வழக்கத்துக்கும் அவர் பரிந்து பேசினார் என்பதை மறைக்கக் கூடாது. வாசகர் எல்லாரும் சமம் என்னும் கொள்கை, கோயில் பாயில் உட்காரும்போது சமமாக இருக்கவில்லை.

கத்தோலிக்கத் தரப்பும் அசைந்தது. உரைக்குறிப்போடு கூடிய, சபை ஒப்புதல் பெற்ற தாய்மொழி வேதத்தை உரோமை 1757இலேயே அனுமதித்துவிட்டது. தமிழில் அது கைக்கு வர நூறாண்டு ஆனது. புதுச்சேரியில் 1857இல் புதிய ஏற்பாடு வந்தது, நூற்றாண்டின் இறுதியில் யேசு சபையின் திரிங்கால் அடிகள் குறிப்புகளோடு மற்றொன்றைத் தந்தார். இதற்கிடையே சூசையப்பர் கல்லூரி 1883இல் நாகப்பட்டினத்திலிருந்து திருச்சிக்கு இடம்பெயர்ந்தது, 1887இல் திருச்சி மறைமாவட்டம் ஆயிற்று. தரங்கம்பாடியின் வாரிசான தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை 1919இல் உருவாகி, இதே ஊரில் தரங்கை வாசத்தைத் தலைமையிடமாகக் கொண்டது. வாதாடிய இரு தரப்பும் ஒரே ஊருக்குக் குடிவந்துவிட்டன.

1965 நவம்பர் 18 அன்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட இறைவெளிப்பாடு ஏடு, விசுவாசிகள் எல்லாருக்கும் வேதம் எளிதில் கிடைக்க வேண்டும் என்றது, பிற சபையாரோடு சேர்ந்து மொழிபெயர்ப்பதற்கும் வழிவிட்டது. அதிகாரபூர்வமாகப் பொருள் சொல்லும் பொறுப்பு திருச்சபையின் ஆசிரியத்துக்கே என்ற பழைய நிலையையும் அதே ஏடு உறுதிசெய்தது. அந்த வழிவிடலின் கனியாக இரு தரப்பு அறிஞரும் கூடி உழைத்த பொது மொழிபெயர்ப்பு 1995இல் வெளிவந்தது. கத்தோலிக்கக் கோயில்களில் பூசை வாசகங்கள் இன்று அதிலிருந்தே வாசிக்கப்படுகின்றன, பொதுநிலையினரே வாசிக்கிறார்கள். சீர்திருத்தச் சபைகளின் ஆராதனையில் பெரும்பாலும் அதற்கு முந்தைய மொழிபெயர்ப்பே நிலைத்திருக்கிறது. கத்தோலிக்கர் கைப்பதிப்பில் 73 நூல்கள், மற்றவர் கையில் 66.