சயானில் நிற்கும் ஆட்டோ

செம்பூரில் ஏறிய ஆட்டோவில் மாட்டுங்கா வரை செல்ல இயலாது. ஊரிலிருந்து மும்பைக்கு வரும் உறவினர்கள் முதலில் திகைப்பது இங்கேதான். கிழக்கே சயானோடும் மேற்கே பாந்திராவோடும் ஆட்டோ நின்றுவிடும். அதற்குத் தெற்கே டாக்சி, பேருந்து, புறநகர் ரயில் ஆகியவையே உண்டு. இது நெரிசலைத் தவிர்க்க வந்த நிருவாக விதியாகவே பேசப்படுகிறது. ஆயினும் அந்த விதி வகுத்த கோடு, ஏறத்தாழ நீர் வகுத்த பழைய கோட்டின் மீதே விழுகிறது. மாகிம் கழிமுகத்திற்குத் தெற்கே இருந்தது பம்பாய்த் தீவு. வடக்கே இருந்தது சாஷ்டித் தீவு.

சயானின் மராத்திப் பெயர் ‘ஷீவ்’. ஊரெல்லை என்பது பொருள். வடமொழியின் ‘சீமா’ அதன் மூலம். அதே மூலம் தமிழில் ‘சீமை’ ஆயிற்று. எல்லையிலிருந்து எல்லைக்குட்பட்ட நாட்டிற்கும், பின்னர் கடல் கடந்த வெள்ளையர் நாட்டிற்கும் பெயராகப் பொருள் பெயர்ந்தது. மராத்தியில் அச்சொல் இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை.

தீவைக் கடக்கப் படகையே நம்பியிருந்த காலம் நெடியது. சயான் தரைப்பாதை ஆளுநர் ஜொனாதன் டங்கன் காலத்தில் எழுந்தது. மாகிம் தரைப்பாதைக்கு அரசு பணம் தர மறுத்தபோது, ஜம்சேட்ஜி ஜீஜீபாயின் மனைவி அவாபாய் 1,57,000 ரூபாய் அளித்தார். 1845-இல் அது திறக்கப்பட்டது. 1853-இல் போரிபந்தரிலிருந்து தானே சென்ற ரயிலும் சயானைத் தாண்டியே தீவைவிட்டு வெளியேறியது. 1871-இல் பம்பாய், மதராஸ் இருப்புப் பாதைகள் ராய்ச்சூரில் இணைந்தபின் தமிழர் வருகைக்கு நேர்வழி பிறந்தது.

வந்தவர் எங்கே தங்கினர் என்பதையும் இக்கோடு ஓரளவு தீர்மானித்தது. நகரம் விலக்கிய தோல் பதனிடும் தொழில் தீவின் வட விளிம்புக்குத் தள்ளப்பட்டது. கோலி மீனவரின் சதுப்புநிலக் கரையாகிய தாராவியில் நெல்லைச் சீமையினர் அத்தொழிலோடு வேரூன்றினர். 1896-இன் பிளேக் நோய்க்குப் பின் நகர மேம்பாட்டு அறக்கட்டளை திட்டமிட்டு அமைத்த தாதர்–மாட்டுங்கா மனைகளில் அலுவலகப் பணியாளரான தென்னிந்தியர் குடியேறினர். இரண்டிற்கும் இடையே நடைதூரந்தான். செம்பூரின் கதை வேறு. குர்லாவிலிருந்து அங்கு 1906-இல் இடப்பட்ட பாதை நகரத்தின் குப்பையைச் சுமந்து செல்வதற்கானது. மனிதர் பயணிக்க அது 1924-இல்தான் திறக்கப்பட்டது. மாட்டுங்காவில் இடம் போதாத குடும்பங்கள் பல பிற்காலத்தில் அவ்வழியே சென்றன.

நகரம் வடக்கே வளர, விளிம்பு நடுவாகிவிட்டது. மேற்கு, மத்திய ரயில் பாதைகளுக்கு இடையே, மித்தி ஆற்றின் மறுகரையில் பாந்திரா–குர்லா வணிக வளாகத்தைப் பார்த்தவாறு தாராவி இருக்கிறது. அதன் நிலத்திற்கு இன்று இத்தனை போட்டி எழக் காரணம் இந்த அமைவிடமே. மறுசீரமைப்பில் அங்கேயே வீடு பெறத் தகுதியற்றவர் எனக் கணக்கிடப்படுவோர் வெளியே செல்ல வேண்டும். 2024 அக்டோபரில் மகாராஷ்டிர அமைச்சரவை இத்திட்டத்திற்கு ஒதுக்க ஒப்புதல் தந்த நிலங்களுள் ஒன்று, செம்பூரை அடுத்த தேவனார் குப்பைக் கிடங்கின் 124 ஏக்கர். அங்கிருந்தும் ஆட்டோ சயான் வரையில்தான்.