எகிப்து, அசீரியா, இஸ்ரவேல்: ஏசாயா 19-ஆம் அதிகாரத்தின் தீர்க்கதரிசனம்

ஏசாயா நூலின் 19-ஆம் அதிகாரம் எகிப்துக்கு வரும் தண்டனையை அறிவித்துத் தொடங்கி, அந்நாட்டின் ஆசீர்வாதத்தில் முடிகிறது. 18 முதல் 25 வரையுள்ள வசனங்களில் எகிப்தின் நடுவே கர்த்தருக்குப் பலிபீடம் எழும்புகிறது. அங்கிருந்து அசீரியாவுக்குப் பெருவழி திறக்கிறது. இரு நாட்டாரும் சேர்ந்து ஆராதிக்கிறார்கள். இஸ்ரவேல் அவர்களோடு மூன்றாவதாக நிற்கிறது. கடவுளின் மக்கள் என்ற அதன் பட்டமும் எகிப்துக்குப் போகிறது. எபிரேய வேதாகமத்தில் இதைவிடத் துணிச்சலான வாக்கு அரிது.

எகிப்து இஸ்ரவேலரின் அடிமை வாழ்வின் நினைவு. அசீரியாவோ கி.மு. 722-ஐ ஒட்டிச் சமாரியாவை வீழ்த்தியது, கி.மு. 701-ல் யூதாவின் லாகீசு நகரைத் தகர்த்தது. அந்த வெற்றியைக் கொண்டாடி நினிவே அரண்மனையில் செதுக்கிய கற்பலகைகள் இன்று லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ளன: கழுவேற்றப்பட்ட மனிதர்கள், மூட்டை முடிச்சோடு மாட்டுவண்டியில் நாடுகடத்தப்படும் குடும்பங்கள். இதைச் செய்த அசீரியருக்கும் ஆசி உண்டு என்கிறது ஏசாயா நூல். இப்பகுதி ஏசாயாவின் காலத்ததா, பாரசீக அல்லது கிரேக்கக் காலச் சேர்க்கையா என்பதில் அறிஞர்கள் ஒருமித்த கருத்துக்கு வரவில்லை.

கி.மு. 2-ஆம் நூற்றாண்டில் எருசலேமின் ஆசாரியக் குடும்பத்தைச் சேர்ந்த ஓனியாஸ் எகிப்தில் அடைக்கலம் புகுந்தார். பலிபீடம் பற்றிய வசனத்தைக் காட்டி, ஆறாம் தாலமியின் அனுமதியோடு லியோண்டோபோலிசில் ஆலயம் கட்டினார் என்கிறார் யூத வரலாற்றாசிரியர் யோசேபஸ். எருசலேம் ஆலயத்தில் இருந்ததுபோன்ற விளக்குத்தண்டுக்குப் பதிலாக, அங்கே பொற்சங்கிலியில் ஒரு பொன்விளக்கு தொங்கியதாம். எருசலேம் ஆலயம் கி.பி. 70-ல் அழிந்த சில ஆண்டுகளில் ரோமர் இதையும் மூடினர். ஓனியாஸின் ஆலயத்தில் பணிசெய்த ஆசாரியர் எருசலேமில் பணிசெய்யலாகாது என யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னா விதித்தது.

கடைசி வசனத்தின் ஆசியைப் பழைய மொழிபெயர்ப்பாளர்கள் சிலரால் ஏற்கவே முடியவில்லை. கிரேக்க செப்துவசிந்தா அதை எகிப்திலும் அசீரியாவிலும் வாழும் இஸ்ரவேலருக்கு உரியதாக்கியது. அரமேயத் தர்கூமும், எகிப்திலிருந்து மீட்கப்பட்டு அசீரியாவுக்குச் சிறைபோன இஸ்ரவேலைப் பற்றியதாகவே அதை மாற்றியது. பகைவருக்கு எழுதிய ஆசி இப்படிச் சொந்த வீட்டுக்கே திரும்பியது. இது பெரும் இழப்பு.

எகிப்தின் கோப்து கிறிஸ்தவர்களோ ஏசாயாவின் தீர்க்கதரிசனத்தைத் தங்களுக்கே தந்த வாக்காக ஏற்றனர். அசியூத் பகுதியிலுள்ள அல்-முகர்ரக் மடத்தின் பழைய கோயிற் பீடமே ஏசாயா சொன்ன பலிபீடம் என்பது அவர்கள் மரபு. குழந்தை இயேசுவோடு எகிப்துக்குத் தப்பிவந்த திருக்குடும்பம் அங்கே ஆறு மாதத்துக்கு மேல் தங்கியதாகவும் அவர்கள் நம்புகின்றனர். அந்தக் கோயிலில் இன்றும் வழிபாடு நடக்கிறது.