தூளிக்குக் கீழே ஒரு போர்வை

குப்பனூர் வழியா ஏற்காடு ஏறி, நண்பரின் காப்பித் தோட்டத்தில் இரண்டு சில்வர் ஓக் மரத்துக்கு நடுவே ஹேமக் கட்டிப் படுத்தேன். மேலே இரண்டு கம்பளி. ஆனாலும் முதுகு விறைச்சுப்போச்சு.

காரணம் வரலாற்றில் இருக்கு. 1492இல் கொலம்பஸ் பஹாமாஸ் தீவுகளில் இந்தத் தொங்கு படுக்கையைப் பார்த்தார். தைனோ மக்களின் 'ஹமாக்கா' பிறகு ஐரோப்பியக் கப்பல்களில் மாலுமிகளின் படுக்கையானது. அது வெப்பநாட்டுப் பண்டம். அங்கே அடியில் வீசும் காற்று சுகம். சேர்வராயன் மலைக் குளிரில் அதே காற்று எதிரி.

உள்ளே விரித்த கம்பளி நம்ம எடையில் நசுங்கிடும். காற்று தங்காத துணியில் சூடும் தங்காது. அதனால்தான் வெளிப்பக்கம் தொங்கும் அண்டர்குயில்ட். அது ஹேமக்கை ஒட்டி இருக்கணும், நசுங்கக் கூடாது. ஹேமக்கும் மூணு மீட்டருக்குக் குறையாம வாங்குங்க. குறுக்காப் படுத்தா முதுகு நிமிரும்.