கங்காணி சொல்லாத கணக்கு

இலங்கையின் மாத்தளை மாவட்டத்தின் ஊடாகத்தான், 19ஆம் நூற்றாண்டில், மன்னாரில் கரையிறங்கிய தமிழர்கள் தம்புள்ளை வழியே கோப்பித் தோட்டங்களுக்கு நடந்தார்கள். அழைத்துவந்த கங்காணி பெரும்பாலும் சொந்த ஊர்க்காரர், உறவுக்காரர். அதனாலேயே அவர் பேச்சு எடுபட்டது.

வேலைக்கு இறங்கும் ஒவ்வொரு ஆளுக்கும் தோட்டத் துரை தனக்குத் தலைக்காசு தருவார் என்பதை அவர் ஊரில் சொல்லிக்கொண்டா திரிந்திருப்பார்? வழிச்செலவு முன்பணமோ தொழிலாளியின் கடனாக ஏறியது. அந்தக் கடனைக் குறித்துக் கொடுத்த ‘துண்டு’ முறை 1921இல்தான் ஒழிந்தது. மறு ஆண்டே இந்தியக் குடியகல்வுச் சட்டம் ஆள்சேர்ப்புக்குக் கடிவாளம் போட்டது.

காசு வாங்குவதைச் சொல்லாத அதே தரகு இன்று இன்ஸ்டாகிராமில் ஓடுகிறது. காசு வாங்கிப் புகழ்பவர் அதை வெளிப்படையாகக் குறிப்பிட வேண்டும் என்று இந்திய விளம்பரத் தரக் கவுன்சில் 2021இல் விதித்தது. 2023 ஜனவரியில் நுகர்வோர் விவகாரத் துறையும் வழிகாட்டுதல் வெளியிட்டது. திசைதிருப்பும் விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம், மீண்டும் செய்தால் 50 லட்சம் வரை.